ஆழமற்ற நீரில் விரால் இரை தேடும் முறையும் அதனைப் பிடிக்கும் வகையும்

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை ஆகிய பகுதிகளில் மலைச்சரிவுகளிலே தேயிலையும் மரக்கறியும், பள்ளங்களிலே படிப்படியாக நெல்லும் செய்கை பண்ணப்படுகின்றன. இப்பள்ளங்களின் நீர் சிற்றோடைகளாகத் திரண்டு, நில்லம்பை ஓயா போன்றவற்றின் வழியாக மகாவலி கங்கையைச் சேர்கின்றது. வயல், வாய்க்கால், குட்டை, ஓடையின் ஒதுக்கு என முழங்காலளவுக்கு மேற்படாத நீர் எங்கெங்கு நிற்கின்றதோ அங்கெல்லாம் கமக்காரர் வீட்டுக் கறிச்சட்டிக்கு ஏற்ற மீன் வாழ இடமுண்டு. அம்மீன்களுள் சிறந்தது விரால். சிங்களத்தில் இதனை லூலா என வழங்குவர். முள் குறைந்து சதை மிகுந்த மீனாதலின், நோயுற்றெழுந்தோருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இதனை ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு.

விரால் பிடிக்கச் செல்வோர் பலர். வெறுங்கையுடன் திரும்புவோரும் பலர். தூண்டில் நன்றாக இருக்கும். இரையும் நன்றாக இருக்கும். ஆனால் மீன் இல்லாத இடத்தில், மீன் உண்ணாத வேளையில், மீன் அஞ்சி ஓடும் வகையிலே அவற்றை இடுவதனால் பயன் கிட்டுவதில்லை. இவ்வாறு ஏமாந்தவர்களுட் சிலர் பொறுமையிழந்து நீரில் நஞ்சு கலக்கவும் துணிகின்றனர். விரால் எதை உண்கின்றது, எங்கே காத்திருக்கின்றது, எவ்வேளையில் வாய் திறக்கின்றது என்பவற்றை அறிந்தவருக்கு நஞ்சும் வேண்டியதில்லை. நாள் முழுவதும் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இவற்றோடு மற்றொன்றையும் அறிதல் வேண்டும். விரால் இரண்டு காரணங்களுக்காகத் தூண்டிலைக் கௌவும். ஒன்று பசி, மற்றொன்று குஞ்சைக் காக்கும் சினம். பசித்த விராலைப் பிடிப்பதால் வயலுக்குக் கேடில்லை. குஞ்சு காக்கும் விராலைப் பிடிப்பவர் அடுத்த ஆண்டின் மீனையும் அன்றே அழித்தவராவர். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி பின்னர்க் கூறப்படும்.

மீனை அறிதல்

விராலின் உடல் உருண்டு நீண்டது. தலை பாம்பின் தலையை ஒத்துத் தட்டையானது. முதுகு கருமையும், வயிறு வெண்மையும், விலாவிலே சாய்ந்த கரும்பட்டைகளும் கொண்டது. முதுகுச் செட்டை கழுத்தின் பின்னிருந்து வாலின் அருகு வரை நீண்டு செல்லும். சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு அடி நீளமுள்ளவை அகப்படும். மூன்றடியை எட்டுவனவும் உண்டு. வாய் அகன்றது; அதன் பிளவு கண்ணுக்கும் அப்பாற் செல்லும். தாடையிற் கூரிய பற்கள் உண்டு. இத்தகைய வாய், இரையைக் கடித்துத் தின்பதற்கன்றி முழுதாக விழுங்குவதற்கே அமைந்தது.

மேட்டு ஓடைகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மீன்களும் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று நம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் மட்டும் காணப்படுவது. ஒரு சாண் நீளத்தையும் எட்டாதது. வயிற்றுப்புறச் செட்டை இல்லாதது. உலகில் வேறெங்கும் இல்லாத இம்மீன் தூண்டிலில் அகப்படின் அதனை உயிருடன் நீரில் விட்டுவிடுதல் வேண்டும். கறிக்கு ஏற்ற பெருவிராலைத் தாழ்ந்த வயல்களிலும், குளங்களிலும், மகாவலியை அடுத்த ஒதுக்கு நீர்களிலும் தேடுக.

விராலின் வாழ்க்கையிற் கவனிக்கத்தக்க சிறப்பு அதன் மூச்சாகும். பிற மீன்களைப் போலச் செவுள் ஒன்றையே நம்பி இது வாழ்வதில்லை. செவுளுக்கு மேலே காற்றை அடக்கும் அறை ஒன்று இதற்குண்டு. வளர்ந்த விரால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். மேலே வரவொட்டாது தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். ஆதலினாலேயே வேறு மீன்கள் உயிர் வாழ மாட்டாத கலங்கிய, அழுகிய, வெப்பமேறிய சிறு நீரிலும் விரால் வாழ வல்லது. நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து ஈரம் காத்திருக்கும்; மழை பெய்த இரவுகளில் ஈரத்தரையில் நெளிந்து ஒரு நீரிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும் உண்டு.

இவ்வியல்பு மீன் பிடிப்பவருக்குப் பெருந்துணையாகும். காற்று விழுங்க வரும் விரால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கின்றது. வரம்பிலே கால் மணி நேரம் அசையாது அமர்ந்து நீரைப் பார்த்திருப்பவர், விரால் உள்ளதா, எத்தனை உண்டு, எப்புறம் நோக்கிச் செல்கின்றது என்பதைத் தூண்டில் இடுமுன்னரே அறிந்துகொள்வார்.

இரை எது

விரால் ஊனுண்ணி. வயதுக்கேற்ப அதன் இரை மாறும். குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். சற்று வளர்ந்ததும் நீர்ப்பூச்சிகள், கொசுக் கூத்தாடிகள், வாற்பேயன்கள் ஆகியவற்றை உண்ணும். பெரிய விரால் தவளை, சிறுமீன், இறால், வெட்டுக்கிளி, மண்புழு முதலியவற்றை விழுங்கும். தன் இனத்துச் சிறு குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை.

இப்பட்டியலை மறுமுறை நோக்குக. இதிலுள்ளவை யாவும் உங்கள் வயலும் வரம்பும் தருவனவே. வரம்புப் புல்லிலிருந்து தவறி விழும் வெட்டுக்கிளி, நாற்றுக்கிடையே நீந்தும் வாற்பேயன், நீர் பாய்ச்சும்போது அடித்துவரப்படும் மண்புழு ஆகியனவே விராலின் அன்றாட உணவு. ஆதலின், விராலை எங்கே தேடுவது என்ற வினாவுக்கு விடை எளிது: இரை எங்கே விழுகின்றதோ அங்கே தேடுக.

காத்திருக்கும் இடம்

விரால் இரையைத் துரத்தித் திரியும் மீன் அன்று. பதுங்கிப் பாயும் மீன். நிழலிலோ களைக்கடியிலோ அசையாது நின்று, இரை அருகில் வந்ததும் உடலை வளைத்து, அம்பு போலப் பாய்ந்து கௌவும். பாயும் தூரம் குறுகியது. தூண்டில் இரை விராலின் மறைவிடத்துக்கு இரண்டு மூன்று அடிக்குள் விழாவிடின் அது பெரும்பாலும் எழுந்து வராது.

ஆழமற்ற நீரிலே மறைவிடங்கள் சிலவே. அவை வருமாறு:

1. வக்கடை. வரம்பை வெட்டி மேல்வயலின் நீரைக் கீழ்வயலுக்கு இறக்கும் இடத்திலே நீர்வேகத்தாற் சிறு பள்ளம் உண்டாகும். மேலிருந்து வரும் பூச்சியும் புழுவும் இப்பள்ளத்தில் விழும். விரால் பள்ளத்தின் ஓரத்தில், நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும்.

2. வாய்க்காலின் வளைவு. வளைவின் வெளிப்புறத்திலே மண் அரித்து, கரைப்புல் நீரின் மேற் கவிந்திருக்கும். அதன் கீழ் நிழலும் உண்டு; மேலிருந்து இரையும் விழும்.

3. களைப்படையின் ஓரம். ஆகாயத்தாமரை, சல்வீனியா ஆகியவை படர்ந்த நீரிலே, களைக்கும் வெளிநீருக்கும் இடையிலான ஓரத்தை நோக்குக. களைப்படையின் நடுவே கூடையளவு வெளி இருப்பின் அதனையும் விடாதீர். விரால் காற்று விழுங்க அவ்வெளிக்கு வந்தே தீரும்.

4. மதகின் அடி, விழுந்த மரக்கிளை, பாலத்தின் நிழல். வெயில் ஏறிய வேளையில் பெரிய விரால்கள் இவ்விடங்களை நாடும்.

வேளையும் காலமும்

விடியற்காலையும் அந்திப்பொழுதுமே சிறந்தவை. அவ்வேளைகளில் ஒளி குறைவாதலின் பதுங்கும் மீன் தன் இரையைக் காண்கின்றது. இரையோ அதனைக் காண்பதில்லை. தவளைகளும் அந்தியிலேயே வெளிப்படுகின்றன. நண்பகலில் வெயில் கடுமையாக இருப்பின் விரால் நிழலை விட்டு வெளியே வருவதரிது. அந்நேரத்தில் முயல்வோர் நிழலுக்குள்ளேயே இரையை இடுதல் வேண்டும்.

மலைப்பகுதியில் வாழ்வோர் மேலும் ஒன்றைக் கவனித்தல் நன்று. மீனின் உடல் நீரின் சூட்டையே தன் சூடாகக் கொண்டது. நீர் குளிர்ந்தால் அதன் பசியும் மந்தமாகும். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் ஆழமற்ற நீரை விரைவிற் குளிர்விக்கும். அக்காலத்தில் விடியற்காலையிலே வரம்பில் நடுங்கி நிற்பதிற் பயனில்லை. வெயில் ஏறி நீர் சற்றுச் சூடான பின்னர், காலை ஒன்பது பத்து மணியளவிற் செல்க. வெயில் படும் கரையோரத்தையே முதலிற் பார்க்க. தாழ்நாட்டிற் பழகியவர்கள் மலைநாட்டில் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மழைக்கும் விராலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பங்குனி, சித்திரை மாதங்களின் மாலை இடிமழையும், பின்னர் வரும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி, கார்த்திகை மழையும் வாய்க்கால்களை நிரப்பும்போது விரால் ஆழ்நீரை விட்டு வயலை நோக்கி ஏறும். மழை விட்டு நீர் தெளியத் தொடங்கும் மாலையில் அது தாராளமாக இரை கொள்ளும். வெள்ளம் கலங்கி விரைந்து ஓடும் வேளையிலோ தூண்டில் பயன்படாது. ஓடையில் இறங்குதல் ஆபத்துமாகும்.

அறுவடைக்கு முன்னர் வயல் நீரை வடிய விடும் நாட்கள் மற்றொரு நல்ல வாய்ப்பு. நீர் வடிய வடியச் சிறுமீனும் வாற்பேயனும் வக்கடை வழியாக வாய்க்காலுக்கு இறங்கும். அவ்வாயிலில் விரால் காத்திருக்கும். பெரும்போக அறுவடைக்கு முந்திய அந்த மூன்று நான்கு மாலைகளை நன்கு பயன்படுத்துக.

தூண்டிலும் இரையும்

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. எட்டு முதல் பத்து அடி நீளமுள்ள, நுனி வளையும் மூங்கிற் கழி. கழியின் நீளத்துக்குச் சமமான நைலோன் நூல். பெரிய தூண்டில் முள் ஒன்று. நூல் இருபது முதல் முப்பது இறாத்தல் நிறையைத் தாங்க வல்லதாக இருத்தல் வேண்டும். விரால் கனத்த மீன் என்பதோடு, கௌவியதும் களைக்குள் நுழைந்து சுற்றிக்கொள்ளும் இயல்புடையதாதலின் மெல்லிய நூல் அறுந்துபோகும். முள்ளின் வாயகலம் அரை அங்குலத்துக்குக் குறையாதிருக்கட்டும். நுனி மழுங்கியிருப்பின் அரத்தால் தீட்டுக. விராலின் தாடை வலியது.

இரைக்கு மண்புழுக் கொத்து, வெட்டுக்கிளி, சிறுமீன் ஆகியவை ஏற்றவை. உயிர்த்தவளையைக் கோத்துப் பிடிப்பது பழைய வழக்கம். இவ்வழக்கத்தைக் கைவிடுதல் நன்று. தவளை உங்கள் நெல்லையும் மரக்கறியையும் தாக்கும் பூச்சிகளை உண்டு வாழ்வது. நம் நாட்டுத் தவளைகளிற் பல வேறெங்கும் இல்லாதவை. அழியும் நிலையிலுள்ளவையும் அவற்றுள் உண்டு. அதற்குப் பதிலாகப் போலித் தவளை ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தேய்ந்த ரப்பர்ச் செருப்பிலிருந்து இரண்டு அங்குல நீளமும் முக்கால் அங்குல அகலமும் உள்ள துண்டொன்றை வெட்டி, முன்புறத்தைக் கூராக்குக. அதன் வயிற்றிலே பிளவு செய்து, தூண்டில் முள்ளின் காம்பைச் செருகி, முள்நுனி முதுகின் மேல் படிந்திருக்கும்படி நூலாற் கட்டுக. பின்புறத்தில் ரப்பர் நாடாத் துண்டுகள் இரண்டைக் கால்களாகக் கட்டிவிடுக. இது மிதக்கும், முள்நுனி மேல்நோக்கி இருப்பதாற் களையிலும் சிக்காது.

பிடிக்கும் முறை

விராலின் கண் கூர்மையானது. அதன் விலாவில் ஓடும் உணர்கோடு நீரின் சிறு அதிர்வையும் அறிய வல்லது. வரம்பிலே திடுதிடுவென நடந்தால் நீங்கள் வருமுன்னரே உங்கள் வருகை அதற்குத் தெரிந்துவிடும். மெல்ல அடிவைத்துச் செல்க. சூரியனை நோக்கி நிற்க. உங்கள் நிழல் பின்னே விழட்டும். கரையோரத்துக்கு மூன்று நான்கு அடி பின்வாங்கி நின்றே தூண்டிலை இடுக.

இரையை மீனின் தலைமேற் போடுதல் கூடாது. மறைவிடத்துக்குச் சற்று அப்பால் மெதுவாக விழச் செய்து, அவ்விடத்தைக் கடந்து வரும்படி இழுத்து வருக. ஒருமுறை அசைத்து, சிறிது நிறுத்தி, மறுபடியும் அசைக்க. நீரில் விழுந்த பூச்சியும், நீந்தும் தவளையும் அவ்வாறே அசைந்து இளைப்பாறிச் செல்கின்றன. விரால் பெரும்பாலும் இரை நின்ற கணத்திலேயே பாயும்.

காற்று விழுங்க எழுந்த விராலைக் கண்டால், வளையம் தோன்றிய இடத்திலேயே இரையைப் போடாது, அது செல்லும் திசையில் இரண்டடி முன்னே போடுக.

கௌவிய பின்னர் செய்ய வேண்டியது இரைக்கேற்ப வேறுபடும். மண்புழு, சிறுமீன் முதலிய இயற்கை இரையை விரால் முதலில் வாயிற் கௌவி, மறைவிடத்துக்கு இழுத்துச் சென்று, திருப்பி விழுங்கும். ஆதலின் நூல் ஓடத் தொடங்கியதும் உடனே இழுக்காதீர். நூலைத் தளர்த்தி, பத்து எண்ணும் வரை பொறுத்து, பின்னர் உறுதியாகச் சுண்டுக. போலித் தவளையாயின் அவ்வளவு நேரம் பொறுத்தலாகாது. ரப்பரின் சுவை தெரிந்ததும் விரால் உமிழ்ந்துவிடும். வாய்க்குள் மறைந்தது கண்டதும் இரண்டு எண்ணிச் சுண்டுக. மாட்டிய மீனை விளையாட விடாது, தலை நீருக்கு மேலிருக்கும்படி தூக்கிக் கரைசேர்க்க.

இரவுத் தூண்டில் வைப்போர் நூலின் நீளத்தைக் கவனித்தல் வேண்டும். மாட்டிய விரால் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுக்கொள்ளுமளவு நூல் நீண்டிருந்தால் விடியும் வரை உயிருடனிருக்கும். குறுகியிருந்தால் இரவிலேயே இறந்து கெட்டுவிடும். விடிந்ததும் எல்லாத் தூண்டில்களையும் எண்ணி எடுத்துவிடுக. மறந்துவிட்ட தூண்டில் கொக்குக்கும் ஆமைக்கும், வயலில் இறங்கும் உங்கள் காலுக்கும் பகையாகும்.

பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது பாத்திரம் நிறைய நீர் வேண்டியதில்லை. முதுகு நனையுமளவு நீரும், மேலே ஈரச்சாக்கும் போதும். சாக்கை இறுகக் கட்டுக. விரால் துள்ளிப் போய்விடும். ஆக்கும்போது நன்றாக வேகவைத்தல் வேண்டும். நன்னீர் மீனின் தசையில் உடலுக்குத் தீங்கு செய்யும் புழுக்கள் இருத்தல் கூடும்; அரைவேக்காட்டில் அவை சாவதில்லை.

பசியும் காவலும்

மழைக்காலத்தில் விரால் ஆணும் பெண்ணுமாக இணைந்து, ஆழமற்ற நீரில் களைகளை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். மஞ்சள் நிறமுள்ள அம்முட்டைகள் நீர்மேல் மிதக்கும். ஓரிரு நாட்களிற் பொரித்துவிடும். குஞ்சுகள் செந்நிறமானவை. அவை கூட்டமாகத் திரண்டு நீந்தும். அவையும் காற்று விழுங்க மேலே வருவதால், காற்றில்லாத வேளையிலும் ஓரிடத்தில் மட்டும் சிறுதூறல் விழுவது போல நீர் நடுங்கும். அதன் கீழே தாய் தந்தையர் காவல் நிற்பர். இக்காவல் சில கிழமைகள் நீடிக்கும்.

இக்காலத்தில் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எதை எறிந்தாலும் காவல் விரால் சீறிப் பாய்ந்து கௌவும். இது பசியன்று, குஞ்சுக்கு வந்த பகையைத் துரத்தும் செயல். தூண்டில்காரர் சிலர் இதனைத் தம் திறமை எனக் கருதுகின்றனர். உண்மையில் விரால் பிடித்தலில் இதைவிட எளிதானது வேறில்லை. இதைவிட நட்டமானதும் வேறில்லை. காவல் அகன்றதும் பிற மீன்களும், நீர்ப்பாம்பும், கொக்கும் அக்குஞ்சுகளை உண்டுவிடும். ஒரு கறிக்காக ஒரு கூட்டமே அழிகின்றது.

இவ்வுண்மையைப் பிற நாட்டாரும் உணர்ந்துள்ளனர். வட அமெரிக்காவின் ஏரிகளில் பெருவாய்ப் பாஸ் என்னும் மீன் உண்டு. அதுவும் விராலைப் போலவே ஆழமற்ற நீரிற் பதுங்கித் தவளையும் சிறுமீனும் உண்பது. அங்குள்ள தூண்டில்காரர் பெரிதும் விரும்புவது. இளவேனிலில் அதன் ஆண் கரையோரத்திற் கூடு செய்து முட்டையைக் காக்கும். காவல் ஆணைத் தூண்டிலில் இழுத்தவுடன் சுற்றியுள்ள சிறுமீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையை உண்கின்றன. ஆதலினாற் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பல இடங்களில் அம்மீன் இனம்பெருக்கும் காலத்தில் அதனைப் பிடித்தல் சட்டத்தாற் தடுக்கப்பட்டுள்ளது. நமது வயல் விராலுக்கு அத்தகைய காவற்காரர் கமக்காரராகிய நீங்களே.

எனவே, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அவ்விடத்தை விட்டு விலகுக. பிள்ளைகளுக்கும் அதனைக் காட்டி, விலகி நிற்கக் கற்பிக்க. பத்து அங்குலத்துக்குக் குறைந்த விரால் பெரும்பாலும் இன்னும் முட்டையிடாதது. அதனையும் நீரில் விடுக.

திலாப்பியா

1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று குளங்கள், நீர்த்தேக்கங்கள் பலவற்றிலும் பெருகியுள்ளது. இதன் உணவு முறை விராலுக்கு மாறானது. பாசியையும் அழுகிய சருகையும் மேய்வது, வாய் சிறியது, வெயில் ஏறிய பின்னரும் கரையோரத்தில் மேயும். ஆகவே சிறு முள்ளும், மெல்லிய நூலும், மாவுருண்டை அல்லது மண்புழுத் துண்டும் போதும். விரைவிற் பெருகும் மீனாதலின் இதனைத் தாராளமாகப் பிடிக்கலாம். 1976இல் அமைந்த பொல்கொல்லை அணைக்கட்டு, 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம் ஆகியவற்றுக்குச் செல்வோர், அங்கு மீன் பிடிக்க அனுமதியுண்டா என முன்னரே விசாரித்தறிக. விக்டோரியாவைச் சூழ்ந்த நிலம் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது.

மரக்கறித் தோட்டமும் வயல் மீனும்

மேட்டிலே போஞ்சியும் கோவாவும் தக்காளியும் செய்பவர், பள்ளத்திலே நெல் செய்பவர் ஆகிய இருவருக்கும் நீர் ஒன்றே. மேலே தெளித்த மருந்து மழையோடு கீழே இறங்கும். பூச்சிநாசினிகளுட் பல, மனிதருக்குக் கடும் நஞ்சல்லாதவையும்கூட, மீனுக்குக் கொடியவை. பைரெத்ரொயிட்டு வகை மருந்துகள் இதற்குச் சான்று. மீனுக்குப் பெருங்கேடு செய்த எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டில் இந்நாட்டிற் தடைசெய்யப்பட்டது. ஒரு மருந்து தடைசெய்யப்படவில்லை என்பதால் அது நீருக்குத் தீங்கற்றது என எண்ணுதல் தவறு.

நஞ்சு விராலை நேரே கொல்லாவிடினும், அதன் இரையாகிய பூச்சியையும் வாற்பேயனையும் முதலிற் கொல்லும். இரையற்ற நீரில் விரால் தங்காது. ஆதலின் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க: தெளிகருவியை ஓடையிலோ வாய்க்காலிலோ கழுவாதீர். வெறும் போத்தல்களை நீரில் எறியாதீர். மழை வரும் அறிகுறி உள்ளபோது தெளிக்காதீர். வயலுக்கு மருந்திட்டபின், சுட்டுத்துண்டிற் கூறிய நாட்கள் வரை வக்கடையை அடைத்து வைக்க. ஓடைக்கரையில் இரண்டு பாக அகலத்துக்குப் புல்லை வெட்டாது விடுக; அது மண்ணையும் மருந்தையும் தடுத்து நிறுத்தும்.

மீன் பிடிப்பதற்காக நீரில் நஞ்சு கலத்தலும் வெடி வைத்தலும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வளச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, அந்நீரையே கீழேயுள்ளோர் குளிக்கவும் குடிக்கவும் எடுக்கின்றனர் என்பதை மறத்தலாகாது. காரணம் தெரியாது செத்து மிதக்கும் மீனை எவரும் உண்ணலாகாது.

உடற்பாதுகாப்பு

வயல் நீரில் நிற்போருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள புண் வழியாக நோயை உட்செலுத்தும். 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டதாக ஐயுறப்பட்டது. காலிற் புண்ணுள்ளவர் நீரில் இறங்காது வரம்பிலிருந்தே தூண்டிலிடுக. வயல்வேலைக் காலத்தில் முற்காப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. நீரில் நின்ற சில நாட்களிற் காய்ச்சல், தசைநோவு, கண் சிவப்பு ஆகியன தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, வயல் நீரில் நின்றதையும் கூறுக. அந்தியில் வரம்பிற் செல்வோர் பாம்புக்கு அஞ்சி விளக்கும் கைத்தடியும் கொண்டு செல்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தூண்டில் இடுமுன் கால் மணி நேரம் நீரைப் பார்க்க.
2. வக்கடை, வாய்க்கால் வளைவு, களையோரம், நிழல் ஆகிய நான்கிடங்களையும் முதலில் நாடுக.
3. விடியலும் அந்தியும் சிறந்தவை. குளிர்மாதங்களில் வெயில் ஏறிய பின் செல்க.
4. மெல்ல நடக்க, சூரியனை நோக்கி நிற்க.
5. இயற்கை இரையாயின் பொறுத்துச் சுண்டுக. போலி இரையாயின் விரைந்து சுண்டுக.
6. செங்குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் விராலையும், பத்து அங்குலத்துக்குக் குறைந்ததையும் பிடியாதீர்.
7. மருந்தும் நஞ்சும் நீரைச் சேராதபடி காக்க.

வயலிலும் குட்டையிலும் மீன் வளர்க்க விரும்புவோர், 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பெற்ற தேசிய நீர்வாழுயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரை அணுகலாம். பூச்சிநாசினி பற்றிய ஐயங்களைத் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டுத் தெளிக.